நெகடிவில் ஓடிய பென்சில்

உங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தால் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். காலமெல்லாம் வெயிலில் நின்று உழைத்த மனிதரின் கன்னம் வழவழவென்று இருக்கும். பாட்டியின் கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கம்கூட இருக்காது. இது கேமரா செய்த வேலை இல்லை. ஊர் ஸ்டூடியோக்காரர் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு செய்த வேலை.

பாட்டியின் குங்குமம் கன்னங்கரேலென்று இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் நெகடிவாக இருந்த கண்ணாடித் தகடுகளில் பூசியிருந்த வெள்ளி உப்பு நீலத்தையும் பச்சையையும்தான் உணரும், சிவப்பை உணராது. டார்க் ரூமில் சிவப்பு விளக்கைத் தைரியமாக எரியவிட்டது அதனால்தான். ஆனால் அதே காரணத்தால் முகத்தில் சிவந்திருக்கும் பருவும் தழும்பும் உள்ளதைவிடக் கறுப்பாக விழும். படத்தை வாங்க வந்தவர் முகம் சுளிப்பார். அதற்குத்தான் டச்சப்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஸ்டூடியோவில் இதைச் சிறுவயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாய்வான ஒரு மேசை. நடுவில் சதுரமாக ஓட்டை. அதன் மேல் நெகடிவ், கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் கண்ணாடி. ஸ்டூடியோக்காரர் பென்சிலின் முனையை உப்புத்தாளில் உரசி உரசி ஊசிபோல நீட்டி வைத்திருப்பார். நெகடிவின் மருந்துப் பக்கத்தில், அதாவது வெள்ளி உப்பு பூசிய பக்கத்தில், பிசின் கலந்த ஒரு திரவத்தை லேசாகத் தேய்த்துக்கொள்வார். அது இல்லாவிட்டால் பென்சில் வழுக்கிவிடும். பிறகு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னச் சின்னச் சுழிகள். அழுத்தவே மாட்டார், கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நெகடிவில் எல்லாம் தலைகீழ். கறுத்த முடி வெளிறித் தெரியும், வெள்ளைச் சட்டை கறுத்துக் கிடக்கும். கண்ணுக்குக் கீழே உள்ள நிழல் அதில் வெளுத்த கோடு. அந்தக் கோட்டில் பென்சில் கரியைப் பூசினால், பிரிண்ட் போடும்போது அங்கே வெளிச்சம் குறைவாக இறங்கும், தாளில் அந்த இடம் வெளுக்கும். கறுக்க வேண்டிய இடமென்றால் பிளேடு முனையால் மருந்தை இழை இழையாகச் சுரண்ட வேண்டும். பென்சில் தவறினால் துடைத்துவிடலாம். பிளேடு தவறினால் படம் போயிற்று. வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மனத்துக்குள் மாற்றிக்கொண்டே வரைவது லேசான வித்தை இல்லை. இதைச் செய்தவர்களை நான் ஓவியர்கள் என்றே சொல்வேன்.

இறந்தவரை உட்காரவைத்து எடுத்த படத்தில் மூடிய கண்களைத் திறந்திருப்பதுபோல வரைந்து கொடுத்ததும் இவர்கள்தான். அவரை உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூடப் படம் எடுத்திராத குடும்பத்துக்கு அந்த ஒரு படம்தான் மிச்சம்.

35 மில்லிமீட்டர் பிலிம் வந்ததும் நெகடிவில் முகம் பொட்டளவுக்குச் சுருங்கிப்போனது. பென்சில் வைக்க இடமில்லை. பிறகு கலர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. நெகடிவில் இருப்பது வெள்ளி ஆயிற்றே! தொழில் நொடித்த ஸ்டூடியோக்கள் அந்த வெள்ளிக்காகவே நெகடிவ்களை மூட்டை மூட்டையாக எடைக்குப் போட்டன. கண்ணாடித் தகடுகளைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றவர்களும் உண்டு. தப்பிப் பிழைத்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஊர் ஊராகத் தேடி மின்னணுப் பிரதி எடுத்தார்கள். அவர்கள் கைக்கு எட்டாதவை இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கும்.

அப்படி ஒரு பெட்டி உங்களிடம் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். தகடுகளை ஓரத்தில் மட்டும் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளில் சுற்றி, படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். தூசி படிந்திருக்கிறதே என்று மருந்துப் பக்கத்தை மட்டும் துடைத்துவிடாதீர்கள். அந்தப் பென்சில் வேலை இருப்பது அந்தப் பக்கத்தில்தான்.