அமெரிக்காவில் டாக்டர் ஆகணுமா? கல்லூரி கடைசி வருஷத்தில் எந்தப் பாடத்தை எடுக்கணும்?

நம்ம ஊரில் பிளஸ் 2 முடித்து, நீட் எழுதி, நேராக எம்பிபிஎஸ் சேரலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலானோர் 4 ஆண்டு பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் 4 ஆண்டு மருத்துவப் படிப்பில் சேர்கிறார்கள்.

பட்டப்படிப்பில் வரலாறு, இசை என எதை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாக எடுக்கலாம். ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்றவற்றையும் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கேட்கின்றன.

இடைவெளி விடாமல் மருத்துவம் சேர நினைப்பவர்கள், 3ஆம் ஆண்டு முடியும் சமயத்திலேயே எம்கேட் நுழைவுத் தேர்வு எழுதி விண்ணப்பித்து விடுகிறார்கள். நேர்காணலும் சீட் முடிவும் 4ஆம் ஆண்டில் வரும். அப்போ அந்த ஒரு வருஷம் என்ன படிப்பது?

பாக்கியை முடிப்பதே முதல் வேலை

இனி படிக்கப்போகும் பாடங்களையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். சீட் கிடைத்தாலும் அது நிபந்தனையோடுதான் வரும். பட்டம் முடிக்க வேண்டும், கட்டாயப் பாடங்களில் தேற வேண்டும். 'சீட்தான் கிடைச்சாச்சே' என்று கட்டாயப் பாடம் ஒன்றைக் கைவிட்டாலோ, மதிப்பெண் ஒரேயடியாகச் சரிந்தாலோ சீட்டே பறிபோகலாம். பாடத்தை மாற்றுவதாக இருந்தால் மருத்துவக் கல்லூரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அனாடமியை இப்பவே படிக்கணுமா?

கட்டாயம் இல்லை. உயிர்வேதியியல், உடலியங்கியல், புள்ளியியல் ஆகியவை முதல் வருஷத்தில் கைகொடுக்கும். ஆனால் மருத்துவக் கல்லூரியில் எல்லாவற்றையும் மறுபடி சொல்லித்தான் தருவார்கள், அதுவும் பல மடங்கு வேகத்தில். முன்கூட்டியே படித்தது கொஞ்சம் பதற்றத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதற்காகக் கடினமான அறிவியல் பாடங்களை ஒரே செமஸ்டரில் அடுக்கினால், மதிப்பெண் குறையும் அபாயம்தான் மிச்சம்.

இனி கிடைக்காத வாய்ப்பு

மருத்துவக் கல்லூரியில் முதல் 2 ஆண்டுகளின் பாடத்திட்டம் பெரும்பாலும் முடிவு செய்யப்பட்டது. மாணவர் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது. எனவே விருப்பப்பட்டதைப் படிக்க இதுவே கடைசி வாய்ப்பு. அமெரிக்காவில் 4 கோடிக்கும் அதிகமானோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அந்த மொழி தெரிந்த டாக்டரிடம் நோயாளி மனம்விட்டுப் பேசுவார். மருத்துவ அறநெறி, இலக்கியம், சமூகவியல் போன்றவையும் நோயாளியைப் புரிந்துகொள்ள உதவும்.

கட்டாயப் பாடப் பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். செமஸ்டருக்குப் பதிவு செய்யும் முன், விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரியின் பட்டியலையும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.