ஒரே வரி, வேறு வேறு வாய்

பிரேசிலின் ஷிங்கு ஆறு வடக்கு நோக்கி ஓடிவந்து, அல்டமிரா நகரைத் தாண்டியதும் தென்கிழக்கே திரும்பி, பெரிய வளையம் ஒன்றைப் போட்ட பிறகுதான் அமேசானை நோக்கிப் போகிறது. அந்த வளைவு முழுக்கப் பாறையும் சுழலும்தான். படகு தடுமாறும் அந்த வேகத்துக்கு அடியில், பாறை இடுக்குகளின் மங்கலில், விரல் நீளமே உள்ள ஒரு மீன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால்வெள்ளை உடம்பு. அதன் மேல் மையால் இழுத்ததுபோல் கறுப்பு வரிகள். 1991இல் இஸ்ப்ரூக்கர், நைசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்கு ஹைபான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்று அறிவியல் பெயர் சூட்டினார்கள். மீன் வளர்ப்பவர்களுக்கு அது ஸீப்ரா பிளெக்கோ. இயற்கையில் இந்த மீன் அந்த ஆற்று வளைவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பார்க்க ஆளில்லாத ஆழத்தில் இத்தனை நேர்த்தியான கோலத்தை யாருக்காக வரைந்தான் படைத்தவன்? பார்க்க ஆள் இருந்தால்தான் அழகு என்பது நம் கணக்கு. அவன் கணக்கு வேறு.

பிளெக்கோ என்பது ஒரே மீன் அல்ல. தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவின் தென்பகுதியிலும் வாழும் உறிஞ்சுவாய்க் கெளுத்திகளின் குடும்பம் அது. கெளுத்திகளிலேயே மிகப் பெரிய குடும்பமும் அதுதான். ஏறத்தாழ ஆயிரம் இனங்கள். செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் அடுக்கடுக்காக உடம்பைப் போர்த்தியிருக்கும். வாய் முகத்தின் அடியில், வட்டமான உறிஞ்சியாக அமைந்திருக்கும். வாயால் பாறையைப் பற்றிக்கொண்டால் மூச்சு எப்படி விடும் என்ற கேள்வி எவருக்கும் எழும். அதற்கும் வழி வைக்கப்பட்டிருக்கிறது. வாயோரம் மீசை தொடங்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சிறு பள்ளம். அதன் வழியே தண்ணீர் உள்ளே புகுந்து செவுளுக்குப் போகும், பிடி தளராது. முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே குஞ்சுக்கு இந்த வித்தை தெரியும்.

கண்ணைப் பாருங்கள். நமக்குப் பாவை சுருங்கும், விரியும், அவ்வளவுதான். பிளெக்கோவுக்கு வெளிச்சம் கூடினால் கருவிழியின் மேலிருந்து ஒரு சிறு மடல் இறங்கிப் பாவையை மறைத்துக்கொள்ளும். இருட்டியதும் மடல் சுருங்கிப் பாவை வட்டமாகிவிடும். இரவில் இரை தேடும் பிராணிக்கு, பகலில் கண் கூசாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. தொட்டிக்கு வெளியே இருந்தே இதை நாம் பார்க்கலாம். விளக்கைப் போட்டுவிட்டுச் சற்றுப் பொறுமையாக இருந்தால் போதும்.

கடையில் நின்று பார்க்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. வரி போட்ட பிளெக்கோக்கள் பல உண்டு. பழுப்பு உடம்பில் மஞ்சள் பட்டைகளோடு இரண்டு குட்டி மீன்கள் பக்கத்துத் தொட்டிகளில் இருக்கும். ஒன்று பானகோலஸ் மாக்கஸ், வெனிசுவேலாப் பக்கத்து ஒரினோகோ நீர்ப்பரப்பைச் சேர்ந்தது. கடைக்காரர் கிளவுன் பிளெக்கோ என்பார். மற்றது அமேசான் பக்கத்துப் பெக்கோல்டியா விட்டாட்டா. கடைக்காரர் அதையும் கிளவுன் என்றே சொல்லக்கூடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேல்பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். மீன் கண்ணாடியில் ஒட்டும்வரை காத்திருந்து, வெளியிலிருந்து அதன் வாயைப் பார்க்க வேண்டும். மாக்கஸுக்குப் பற்கள் குறைவு. ஒவ்வொன்றும் கரண்டிபோல் அகன்று குழிந்திருக்கும். மரத்தைச் சுரண்டப் படைத்த பல். விட்டாட்டாவின் பற்கள் மெலிந்து, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். அதன் உணவு வேறு. ஸீப்ராவுக்கும் பற்கள் குறைவு, ஆனால் கீழ்த்தாடைப் பற்கள் நீண்டவை. சிறு பூச்சி புழுக்களைப் பாறை இடுக்கிலிருந்து எடுக்கத் தோதானவை. மேலே ஒரே மாதிரி வரியைப் போட்டுவிட்டு, யார் எதைத் தின்று பிழைக்க வேண்டும் என்ற உத்தரவை வாய்க்குள் எழுதி வைத்திருக்கிறான் படைத்தவன்.

மரம் சுரண்டும் மீன்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரத்தையே தின்று செரிக்கின்றன என்றுதான் நெடுநாள் நம்பிவந்தோம். டொனோவன் ஜெர்மன் என்ற ஆய்வாளர் அவற்றின் குடலை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டது வேறு செய்தி. மரத்தூள் நான்கு மணி நேரத்துக்குள் குடலைக் கடந்து வெளியே போய்விடுகிறது. மீனுக்குச் சத்து தருவது மரமல்ல, மரத்தோடு சேர்ந்து உள்ளே போகும் மக்கிய பொருள்தான். ஆனாலும் பல் தேய்க்கவும் சுரண்டவும் மரம் வேண்டும். மாக்கஸ் வளர்ப்பவர் தொட்டியில் டிரிஃப்ட்வுட் துண்டு ஒன்றாவது போட்டே ஆக வேண்டும், கூடவே சுரைக்காய், வெள்ளரி, கீரை வில்லை. இதையே ஸீப்ராவுக்குப் போட்டால் அது மெலிந்து சாகும். அதற்கு இறாலும் இரத்தப்புழுவும் வேண்டும். பாசி தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நினைத்து ஸீப்ராவை வாங்குகிறவர் ஏமாந்து போவார்.

பல இனங்கள் ஒரே உடையில் இருப்பது ஒரு பக்கம். ஒரே இனம் பல உடைகளில் வருவதும் உண்டு. அதுதான் எனக்குப் பெரிய வியப்பு. புதிதாகப் பிடிபடும் பிளெக்கோக்கள் அறிவியல் பெயர் பெறும் வேகத்தைவிடக் கப்பலேறும் வேகம் அதிகமாக இருந்ததால், 1988இல் டாட்ஸ் என்ற ஜெர்மன் மீன் வளர்ப்பு இதழ் எல் என்ற எழுத்தோடு எண் போட்டுப் படத்தோடு வெளியிடத் தொடங்கியது. ஸீப்ரா எல் 46. அதன் வரிகள் உடைந்து வளைந்திருக்கும் வடிவத்துக்கு எல் 98 என்று தனி எண். இரண்டும் ஒரே மீன். ஷிங்குவின் கீழ்ப்பகுதியில் எல் 66, எல் 333 என்று நெளிகோடு போட்ட ‘கிங் டைகர்’கள். அவற்றையும் இன்னும் சில எண்களையும் சேர்த்து ஹைபான்சிஸ்ட்ரஸ் செய்டெலி என்ற ஒரே இனமாக 2025இல் ஆய்வாளர்கள் வரையறுத்தார்கள். ஒரே ஆற்றில், ஒரே இனத்தில், ஒரு மீனின் நெளிகோடு இன்னொரு மீனிடம் இல்லை. மனிதனின் கைரேகையோடு நின்றுவிடாத தாராளம் இது.

வளர்ப்பவருக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஹைபான்சிஸ்ட்ரஸ் வகைகள் தொட்டிக்குள் ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிக்கும். ஆற்றில் அவரவர் இடம் பிரிந்திருக்கிறது, தொட்டியில் அந்த வேலி இல்லை. பிறந்த கலப்புக் குஞ்சு எந்த எண்ணிலும் சேராது. விற்பவர் தம் விருப்பத்துக்கு ஓர் எண்ணைச் சொல்லி விற்பார். ஒரு தொட்டிக்கு ஒரு வகை என்று வைத்துக்கொள்வதே நேர்மை. ஸீப்ரா வெதுவெதுப்பான ஆற்றுக்குப் பழகியது. 28 டிகிரிக்குக் குறையாத தண்ணீர், பலமான ஃபில்டர், நிறைய ஆக்சிஜன். உடம்பு நுழையும் அளவு மட்டுமே உள்ள மண்குழாய்க் குகை. அதற்குள் பெண் பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் வாசலை அடைத்து உட்கார்ந்து, துடுப்பால் விசிறி விசிறித் தண்ணீரை ஓடவைக்கும். ஒரு வாரத்தில் பொரித்த பின்பும் மஞ்சள் கரு கரையும்வரை குஞ்சுகளை வெளியே விடாது. தகப்பனின் பொறுமைக்கு இதைவிட நல்ல பாடம் தொட்டியில் கிடைக்காது. மீனை மாற்ற நேர்ந்தால் வலையால் அள்ளாதீர்கள். கன்னத்து முட்கள் வலையில் சிக்கிக் காயப்படும். டப்பாவில் மொண்டு எடுங்கள்.

ஸீப்ராவின் வீட்டுக்கு ஆபத்து வந்திருக்கிறது. ஷிங்குவில் கட்டிய பெலோ மோண்டே அணையின் மின்சுழலிகள் 2016இல் ஓடத் தொடங்கியபின், அந்த வளைவுக்குப் போக வேண்டிய தண்ணீரின் பெரும்பகுதி வேறு வழியில் திருப்பப்படுகிறது. பிரேசில் இந்த மீனைப் பிடித்து ஏற்றுமதி செய்வதை ஏற்கெனவே தடுத்திருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2022இல் பனாமாவில் கூடி, இதைத் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. ஆகவே வாங்குமுன், தொட்டியில் பொரித்த குஞ்சா, அதற்கு ஆவணம் உண்டா என்று கேளுங்கள்.

நம் ஊரில் ஸீப்ராவை விட அதிகம் விற்பது வேறொன்று. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’, ‘சக்கர்’ என்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் இரண்டங்குலக் குட்டி. பெரும்பாலும் அது டெரிகோப்ளிக்திஸ். பக்கத்தில் அதே நிறத்தில் ஆன்சிஸ்ட்ரஸ் இருக்கும். மூக்கில் தாடிபோல் இழைகள் முளைப்பதால் பிரிஸ்டில்நோஸ் என்பார்கள். இழைகள் வளர்ந்த ஆண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்; குட்டியில் தெரியாது. முதுகுத் துடுப்பு விரியும்போது முன்முள்ளை விட்டுவிட்டு மென்கதிர்களை எண்ணுங்கள். ஒன்பதும் அதற்கு மேலும் இருந்தால் டெரிகோப்ளிக்திஸ், ஏழு என்றால் ஆன்சிஸ்ட்ரஸ். ஆன்சிஸ்ட்ரஸ் ஒரு சாண் அளவுக்குள் நின்றுவிடும், பாசியும் தின்னும். மற்றது ஒன்றரை அடி வளரும். மூன்றடித் தொட்டியில் அது கிடந்து திரும்ப முடியாமல் தவிப்பதைப் பார்த்து மனம் கேட்காமல், ஏரியில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் கெட்டால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பையையே நுரையீரலாக்கி உயிர் வாழும் வரம் அதற்கு உண்டு. அந்த வரம் அமேசான் வெள்ளக்காடுகளுக்கு. நம் ஏரிகளில் அதுவே தொல்லையாகிறது. தமிழகம், கேரளம், ஆந்திரம், வங்கம் என எங்கும் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. கரையைக் குடைகிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது, விலையும் போவதில்லை. தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் சேர்த்துவிடுங்கள். ஏரியிலோ குளத்திலோ கோயில் தெப்பத்திலோ மட்டும் விடாதீர்கள்.