நொச்சியும் கொசுவும்

மதிலைக் காத்து நின்ற மறவர் நொச்சிப்பூச் சூடிப் பொருதனர் என்பதனைப் புறப்பொருள் வெண்பாமாலை பயின்றோர் அறிவர். கோட்டைகள் மறைந்தன, நொச்சி மறைந்திலது. நெய்வேலி நகரியத்தில் எங்கள் இல்லத்து வேலியோரத்திலும் அது நீலப் பூங்கொத்துகளுடன் நிற்கின்றது. 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர், வட்டம் வட்டமாக வகுத்தெழுப்பிய இவ்வூரில், வீட்டைச் சூழத் தோட்டம் இடுதற்கு இடமுண்டு. ஆதலின் வேம்பும் துளசியும் எலுமிச்சம்புல்லும் நொச்சிக்குத் துணையாக வளர்கின்றன. இவற்றைக்கொண்டு கொசுவை அகற்றும் முறையினையும், அம்முறையின் எல்லையினையும் ஈண்டு ஆராய்வோம்.

குருதி உண்பது பெண் கொசுவே. முட்டை முதிர்தற்கு அவ்வுணவு வேண்டும். நாம் விடும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவும் நம் வியர்வையின் மணமும் நம் இருப்பிடத்தை அதற்கு உணர்த்துகின்றன. இலைகளிலுள்ள ஆவியாகும் எண்ணெய் காற்றிற் கலந்து அவ்வுணர்ச்சியை மயக்குகின்றது. துளசியிலுள்ள யூஜினாலும், எலுமிச்சம்புல்லிலுள்ள சிட்ராலும் அத்தகைய பொருள்களாம். ஆயின் அவை இலையின் நுண்ணறைகளுள் அடங்கிக் கிடப்பன. கசக்கினாலோ, இடித்துக் காய்ச்சினாலோ அன்றிப் போதிய அளவு வெளிப்படா. செடி முற்றத்தில் நிற்பதனாலேயே கொசு வாராது என்று எண்ணுதல், மருந்துக் குப்பியைப் பார்த்த அளவிலே நோய் தீரும் என்று எண்ணுதலை ஒக்கும்.

செய்முறை எளிது. ஒரு கைப்பிடி நொச்சியிலையையும் அரைக் கைப்பிடி எலுமிச்சம்புல்லையும் ஈரம் போக நிழலில் உலர்த்தி இடித்து, 100 மில்லிலிட்டர் தேங்காயெண்ணெயில் இட்டு, மிகச் சிறு தீயில் சிறிது நேரம் காய்ச்சுக. தீ மிகின் மணம் ஆவியாய்ப் போய்விடும். ஆறிய பின் துணியில் வடித்து, 2 மில்லிலிட்டர் வேப்பெண்ணெய் கலந்து குப்பியில் அடைத்து வைக்க. நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெயைப் பூசியவர்களை, மலேரியாவைப் பரப்பும் அனாபிலிசுக் கொசுக்கள் 12 மணி நேரம் கடித்தில என 1993-ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர் வெளியிட்டனர். டெங்குவைப் பரப்பும் ஈடிசுக் கொசுவினிடத்து அதன் ஆற்றல் குறைவே. ஆதலின் இடையிடையே மீண்டும் பூசுதல் வேண்டும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பு இல்லையேல் பிற இடங்களிற் பூசுக. கண்ணிலும் வாயிலும் படலாகாது, கைக்குழந்தைகளுக்குப் பூசலாகாது. வேப்பெண்ணெய் சிறுவர் வயிற்றுட் சென்றால் நஞ்சாகும்.

இவ்வளவும் கற்ற எனக்குக் கல்லாதது ஒன்று எஞ்சியிருந்தது. சென்ற மழைக்காலத்தில் என் தங்கைக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. அன்னையாரும் நானும் ஐந்து நாள் அவள் படுக்கையருகே மாறி மாறி விழித்திருந்தோம். மாலைதோறும் தவறாமல் எண்ணெய் பூசிய வீட்டில் இந்நோய் எவ்வாறு புகுந்தது? வீட்டைப் பார்வையிட வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர், நான் ஆசையோடு வளர்த்த எலுமிச்சம்புல் தொட்டியை நகர்த்தி, அதன் அடித்தட்டைக் காட்டினார். அதிலே தேங்கிய தெளிந்த நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. கொசுவை ஓட்ட வளர்த்த செடியின் அடியிலேயே கொசுவை வளர்த்திருந்தேன்! அன்றியும், ஈடிசு பகலிற் கடிப்பது. நாங்களோ மாலையில் மட்டும் எண்ணெய் பூசினோம்.

அக்கொசு நீர்க்கலத்தின் உட்புறத்தில், நீர் மட்டத்தையொட்டி முட்டையிடும். ஏறத்தாழ எட்டுப் பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். நீர் வற்றினும் முட்டைகள் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலின் தொட்டித் தட்டு, பழைய டயர், திறந்த நீர்த்தொட்டி முதலியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்தல் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். எண்ணெய் ஒரு போர்வை. நீரை அகற்றுதலே அரண்.

தங்கை நலம் பெற்றாள். இப்பொழுது ஞாயிறுதோறும் ஆலயத்திலிருந்து வந்தவுடன் தட்டுகளைத் தேய்ப்பவள் அவளே. விடுமுறையில் வரும் நான் எண்ணெய் காய்ச்சித் தருகின்றேன். புறத்தே வரும் பகையை மட்டும் நோக்கி, உட்பகையை நோக்காத அரண் நில்லாது. நண்பர்களே, நொச்சியை நடுங்கள். நட்டபின் அதன் அடியில் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.