இன்மையும் பூச்சியமும்

கிளிநொச்சியில் வாழும் நமக்குக் குளத்தின் கணக்கே குடியின் கணக்கு. இரணைமடுவில் நீர் எத்தனை அடி என்று கேளாமல் சிறுபோகம் விதைப்பார் இலர். 2018 டிசெம்பரில் பெருமழையால் அதன் வான்கதவுகள் திறக்கப்பட்டு, தாழ்நிலமெங்கும் வெள்ளம் பரந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆதலின், கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் அறியவேண்டிய நுட்பமொன்றை மழைக்கணக்கைக் கொண்டே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

செய்நிரலில் அணி என்பது பெட்டகங்களின் தொகுதி போன்றது. பெட்டகத்துக்கு ஒரு சாவி. உள்ளே ஒரு பெறுமதி. பைதன் மொழியார் இத்தகைய தொகுதியை அகராதி என்பர். திங்கள் என்னும் சாவிக்கு 12 மில்லிமீற்றர், செவ்வாய்க்கு 0, வியாழனுக்கு 30 என மழை பதியப்பட்டுள்ளது என்று கொள்வோம். புதனன்று மழைமானியைப் பார்ப்பவர் வரவில்லை. ஆகவே புதன் என்னும் சாவியே அங்கு இல்லை.

புதன்கிழமை மழை எவ்வளவு என்று வினவினால் கணினி யாது செய்யும்? பைதன், சாவி இல்லை எனப் பிழை கூறி நின்றுவிடும். பி.எச்.பி. மொழி ஓர் எச்சரிக்கையோடு, வெறுமை என்னும் பெறுமதியைத் தந்து மேலே செல்லும். இவ்விடரை நீக்கவே இயல்புப் பெறுமதி என்னும் ஏற்பாடு உளது. பைதனில் 'கெற்' என்னும் கட்டளைக்குச் சாவியோடு, அது இல்லாவிடத்துத் தரவேண்டிய பெறுமதியையும் சொல்லிவைக்கலாம். பி.எச்.பி.யில் 2015இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு முதல் இரட்டைக் கேள்விக்குறி அப்பணியைச் செய்கின்றது.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறுபாடு உண்டு. சாவி இருந்து உள்ளே வெறுமை இருப்பின், 'கெற்' அவ்வெறுமையையே தரும். இரட்டைக் கேள்விக்குறியோ அதனையும் இன்மையாகவே கொண்டு இயல்புப் பெறுமதியைத் தரும். பைதனில் 'அல்லது' எனப் பொருள்படும் 'ஓர்' என்னும் சொல்லைக் கொண்டு இதனைச் செய்ய முயல்வோர் மேலும் இடர்ப்படுவர். செவ்வாயன்று முறையாகப் பார்த்துப் பதிந்த பூச்சியத்தையும் அது இன்மையென்று தள்ளிவிடும்.

இனி, இயல்புப் பெறுமதியாக எதனை வைப்பது? பலரும் ஆராயாது பூச்சியத்தை வைப்பர். பதிந்த மூன்று நாட்களின் சராசரி 14 மில்லிமீற்றர். புதனுக்குப் பூச்சியம் இட்டு நான்கால் வகுத்தால் அது 10.5 ஆகிவிடும். அன்று அடைமழையே பெய்திருந்தாலும் கணக்கு அதனை அறியாது. செய்நிரல் நில்லாமல் ஓடும். விடை மாத்திரம் பொய்யாகும். வான்கதவைத் திறப்பதா என்று ஆராய்வோர் கையில் அவ்விடை சேரின் விளைவு யாதாகும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

பூச்சியம் பொருந்தும் இடமும் உண்டு. நூலகத்தில் எவ்வகுப்பார் எத்தனை நூல் பெற்றனர் என எண்ணும்போது, ஏட்டில் பெயரே வராத வகுப்பார் பெற்றது மெய்யாகவே பூச்சியம். எண்ணிப் பெறும் கணக்கில் இன்மை பூச்சியமாகும். அளந்து பெறும் கணக்கில் ஆகாது.

நம் முன்னோர் இதனை நன்கு ஆராய்ந்தவர். பதார்த்தம் ஏழெனக் கூறும் தருக்க சங்கிரகம், அபாவம் என்னும் இன்மையை ஏழாவதாக வைத்தது. இன்மையும் அறியப்படும் ஒன்றே என்பது அதன் கருத்து.

வன்னி மண்ணுக்கு இது ஏட்டுக் கல்வி மாத்திரம் அன்று. 2017 பெப்ரவரி 20இல், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில் தொடர் போராட்டம் தொடங்கினர். காணாமற்போனோர் பொருட்டு மரணச் சான்றிதழ் வழங்க வழிசெய்தது 2010ஆம் ஆண்டுச் சட்டம். ஆள் காணப்படவில்லை என்பதை மாத்திரம் கூறும் வேறொரு சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. அறியாத ஒன்றற்கு ஒரு விடையை இட்டு நிரப்புவது வேறு. அறியோம் என்று எழுதிவைப்பது வேறு. இவ்வேறுபாட்டைச் சட்டமும் ஏற்கவேண்டியதாயிற்று.

ஆதலின் மாணவ மணிகளே, சாவி இல்லாத இடத்தில் ஒரு பெறுமதியை எழுதுமுன், அவ்வின்மையின் பொருள் யாதென வினவுங்கள். விடை தெரியின் அதனை எழுதுங்கள். தெரியாவிடின், தெரியாது என்பதையே கணினி மறவாது காக்குமாறு செய்யுங்கள்.