கல்யாணம் ஆன பெண்ணுக்கு வேலை இல்லையா? சட்டம் என்ன சொல்கிறது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகளின் விளம்பரங்களில் ‘பெண்கள் மட்டும், திருமணமாகாதவர்’ என்ற வரி வெகுகாலம் சர்வசாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்டர்வியூவுக்கு வந்தவரின் கால் விரலில் மெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது தெரிந்து, மெட்டியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்களும் உண்டு.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் லைன் வேலைக்கு மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று எழுதிய பிறகுதான் இந்த விஷயம் டெல்லி வரை போனது. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிடக் கூடாது என்று ஏஜென்ட்டுகளுக்கு ஃபாக்ஸ்கானிடமிருந்து உத்தரவு போயிருப்பதாக அந்த ஆண்டு கடைசியில் அதே செய்தி நிறுவனம் எழுதியது.

ஆனால் இது ஒரே ஒரு ஆலையின் கதை அல்ல. 2019-20 ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வேறெந்த மாநிலத்தைவிடவும் இது நம் வீட்டுப் பிரச்சினை.

மணமான பெண்களை ஒதுக்க நிர்வாகங்கள் சொல்லும் காரணம் புதிதும் அல்ல. பம்பாயில் ஒரு மருந்து கம்பெனி, கல்யாணம் ஆனால் பெண்ணின் வேலை போய்விடும் என்று விதி வைத்திருந்தது. பேக்கிங் பிரிவில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஒருவர் வராவிட்டால் மொத்த வேலையும் கெடும், மணமானவர்கள்தான் அதிகம் லீவு போடுவார்கள் என்பது கம்பெனியின் வாதம். தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1965-ல் வந்த தீர்ப்பு இந்த வாதத்தை ஏற்கவில்லை. மணமாகாதவர், கணவரை இழந்தவர் ஆகியோரைவிட மணமான பெண் அதிகம் லீவு எடுப்பார் என்று கருத முகாந்திரம் இல்லை. மகப்பேறு விடுப்பு ஒன்றுதான் வித்தியாசம். அதற்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்வது கம்பெனிக்குப் பெரிய சிரமமில்லை என்று சொல்லி விதியை ரத்து செய்தது. பேக்கிங் மேசை இருந்த இடத்தில் அசெம்பிளி லைனை வைத்துப் பாருங்கள். இன்று சில எச்.ஆர். அறைகளில் கேட்கும் பேச்சு அச்சு அசலாக இதுதான்.

அதற்குப் பிறகும் வழக்குகள் வந்தன. வெளியுறவுப் பணியில் பெண்கள் கல்யாணம் செய்துகொள்ள அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்ததை எதிர்த்து சி.பி.முத்தம்மா தொடுத்த வழக்கில், 1979-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். 1981-ல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில் வெற்றி பாதிதான்: முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் விதி செல்லாது என்றார்கள், வேலையில் சேர்ந்த 4 ஆண்டுக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை விட்டுவைத்தார்கள். கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-ல் ராணுவச் செவிலியர் பணியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பெண்ணுக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது 2024 பிப்ரவரியில். நீதி வர 36 ஆண்டு.

இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள். கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படும் பெண்ணின் நிலை வேறு. அரசியல் சட்டம் தரும் சமத்துவ உரிமையைத் தனியார் முதலாளிக்கு எதிராக நேரடியாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போவது கடினம். அந்த இடத்தை நிரப்பவே 1976-ன் சம ஊதியச் சட்டம் இருந்தது. ஆள் எடுப்பதிலும் பாலினப் பாகுபாடு கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. தடை தொடர்கிறது. ஆனால் பழைய சட்டத்திலும் புதியதிலும் சொல்லப்படுவது பாலினம். திருமணம் என்று தனியாக எங்கும் இல்லை. “நாங்கள் பெண்களைத்தானே எடுக்கிறோம்” என்று ஒரு நிர்வாகம் வாதாட இது இடம் தருகிறது. அதே லைனில் வேலைக்கு வரும் ஆணுக்குக் ‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்ற கேள்வி தடையாக நிற்பதில்லை என்றால், அது பாலினப் பாகுபாடுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதைச் சட்டத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

தண்டனை விஷயத்தில் பின்னுக்கே போயிருக்கிறோம். பழைய சட்டத்தில் முதல் தவறுக்கே குறைந்தது 10,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புதிய தொகுப்பில் முதல் தவறுக்குச் சிறை இல்லை. அபராதம் அதிகபட்சம் 20,000 ரூபாய். அதற்கும் முன்னால், திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருக்கும் ஆலைக்கு 20,000 ரூபாய் ஒரு பொருட்டா?

இனி, யாரும் உரக்கச் சொல்லாத காரணத்துக்கு வருவோம்: மகப்பேறு விடுப்புச் செலவு. மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இந்தப் பணத்தை யார் தருகிறார்கள் என்பதைப் பல நிர்வாகங்களே சரியாகப் பார்ப்பதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், 26 வாரப் பணத்தையும் தருவது இ.எஸ்.ஐ. கழகம்தான். அதற்காகத்தான் ஒவ்வொரு மாதமும் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். பேறுகாலத்துக்கு யாரும் போகாவிட்டாலும் அந்தப் பணம் கட்டியே ஆக வேண்டும். லைனில் நிற்கும் பெண்களில் மிகப் பலர் இந்தச் சம்பள வரம்புக்குள் வருபவர்கள். அவர்களை ‘செலவு’ என்று ஒதுக்குவது, இன்ஷூரன்ஸ் கட்டிய வண்டியை விபத்துக்குப் பயந்து ஷெட்டிலேயே பூட்டி வைப்பது போன்றது. மிஞ்சுவது மாற்று ஆள் தேடும் வேலை. அதற்கான பதிலை நீதிமன்றம் 1965-லேயே சொல்லிவிட்டது.

21,000 ரூபாயைத் தாண்டிய சம்பளத்தில் கதை மாறுகிறது. அங்கே 26 வாரச் சம்பளமும் முதலாளியின் பையிலிருந்து போகிறது. பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு சாஃப்ட்வேர் அலுவலகத்துக்கு இது உண்மையான சுமை. அதைப் பொய் என்று ஒதுக்க முடியாது. மகப்பேற்றுப் பணத்தின் நேரடிச் செலவைத் தனி முதலாளியின் தலையில் கட்டக் கூடாது, சமூகக் காப்பீட்டிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ தர வேண்டும் என்பதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 183-வது உடன்படிக்கையின் அடிப்படை. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. சிறு முதலாளிகள் கேட்க வேண்டியது இந்த மாற்றத்தை. பாரத்தைப் பெண்ணின் மேல் இறக்கி வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

தாலி, மெட்டி போன்ற உலோக நகைகள் பாதுகாப்புக்கு ஆகாது என்ற காரணமும் சொல்லப்படுகிறது. அப்படியென்றால் உள்ளே வரும் எல்லோரும் உலோகத்தைக் கழற்ற வேண்டும் என்று விதி போடலாம். வேலையையே மறுப்பதற்கு அது காரணமாகாது.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்? ஏற்கெனவே வேலையில் இருப்பவர் கர்ப்பம் அல்லது மகப்பேறு விடுப்பு காரணமாக நீக்கப்பட்டால் அது சட்டவிரோதம். முதலாளியிடமிருந்து மகப்பேறு விடுப்புச் சம்பளம் பெற, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தினக்கூலியாக இருப்பவருக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலைக்கே எடுக்கப்படாதவருக்குத்தான் வழி குறுகல். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஏஜென்ட்டின் பெயர், தேதி, என்ன சொல்லி அனுப்பினார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றோடு தொழிலாளர் துறையில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தனியாகப் போவதைவிட ஒரு தொழிற்சங்கத்தின் மூலமோ, அதே இடத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பத்துப் பேர் சேர்ந்தோ போனால் புகார் நிற்கும். ஒரு பெண்ணை ‘தகுதி போதவில்லை’ என்று சொல்லி முடித்துவிடலாம், பத்துப் பேரையும் அப்படிச் சொல்வது கஷ்டம்.

நிர்வாகங்கள் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. விண்ணப்பப் படிவத்திலிருந்து ‘திருமண நிலை’ என்ற கட்டத்தை எடுத்துவிடலாம். ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகளுக்கும் அதைக் கேட்கக் கூடாது என்று எழுத்தில் கொடுக்கலாம். பி.எஃப். நாமினேஷனுக்கும் இ.எஸ்.ஐ. அட்டைக்கும் குடும்ப விவரம் தேவைதான். அதை வேலைக்கு எடுத்த பிறகு, சேரும் நாளன்று வாங்கிக்கொண்டால் போதும்.