பளபளப்பைக் கெடுத்த கணக்கு

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பற்றி யார் பேசினாலும் "கலையும் தொழில்நுட்பமும் கைகோர்க்கும் துறை" என்று ஒரு வரி வந்துவிடும். சரி, எப்படிக் கைகோர்க்கும்? முதலில் கையை நீட்டுவது யார்? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கென் பெர்லின்.

ஹார்வர்டில் கணிதம் படித்த பெர்லின், 1979-இல் நியூயார்க் மாநிலத்தில் இருந்த மேகி என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். அணுக்கதிர்கள் பொருட்களுக்குள் எப்படி ஊடுருவும் என்று கணக்குப் போடுவதற்காக ஆரம்பித்த கம்பெனி அது. கதிர் இருந்த இடத்தில் ஒளியை வைத்தால் அதே கணக்கு படம் வரைந்துவிடும் அல்லவா? அப்படித்தான் அவர்கள் சினிமாவுக்கு வந்தார்கள். டிஸ்னியின் 'ட்ரான்' (1982) படத்தில் வரும் லைட் சைக்கிள் பந்தயம் அங்கே உருவானதுதான்.

மேகியின் மென்பொருளில் பெட்டி, உருளை, கூம்பு மாதிரி அடிப்படை வடிவங்களைக் கூட்டிக் கழித்துத்தான் எதையும் செய்யணும். அதனால் எல்லாமே வழவழ, பளபள. ட்ரானுக்கு அது பொருந்திப் போனது. கதையே கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது. ஆனால் இந்த இயந்திரத்தனமான தோற்றம் பெர்லினை உறுத்திக்கொண்டே இருந்தது. நிஜ உலகத்தில் கல்லில் ரேகை உண்டு, சுவரில் கறை உண்டு, மேகத்துக்கு ஓரமே கிடையாது.

கவனியுங்கள், கணக்கில் ஒரு தப்பும் இல்லை. புகார் சொன்னது கண்.

சரி, கொஞ்சம் தாறுமாறைச் சேர்த்தால் போகுது என்று தோன்றும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ரேண்டம் எண் கொடுத்தால் என்ன கிடைக்கும்? சிக்னல் போன பழைய டிவி. இயற்கையின் ஒழுங்கின்மை அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று உறவு வைத்திருக்கும்.

1983 வாக்கில் பெர்லின் கண்டுபிடித்த வழி இது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல, வெளி முழுக்கச் சம இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் உயரம் பூஜ்யம். ஆனால் அங்கிருந்து தரை எந்தப் பக்கம் சரியும் என்பதை மட்டும் ரேண்டமாக முடிவு செய்யுங்கள். நடுவில் ஓர் இடத்தின் உயரம் வேண்டுமா? சுற்றியுள்ள புள்ளிகளின் சரிவுகளைப் பார்த்து, கிட்டத்தில் இருப்பதற்கு அதிக மதிப்புக் கொடுத்து, வழுக்கிச் செல்லும் ஒரு வளைகோட்டால் கலந்துவிடுங்கள். மேடும் பள்ளமுமாக, ஏறக்குறைய ஒரே அளவிலான அலைகள் கிடைக்கும். அதே இடத்தைத் திரும்பக் கேட்டால் அதே விடைதான் வரும். அதனால் சினிமாவில் ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்காது.

இதற்கு மேல்தான் விளையாட்டே. அலையின் அளவைப் பாதியாக்கி, உயரத்தையும் பாதியாக்கி, மேலே கூட்டுங்கள். நாலைந்து தடவை செய்தால் மேகம், மலை. சாதாரண சைன் அலையால் வரிகள் போட்டு, அந்த வரிகளை இந்த இரைச்சலால் கலைத்துவிட்டால் பளிங்குக் கல். 1985 சிக்ராஃப் மாநாட்டில் வந்த அவரது கட்டுரையில் பளிங்கு ஜாடி ஒன்று இருக்கும். அந்த ரேகைகளை யாரும் தூரிகையால் தீட்டவில்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு சின்ன நிரலை ஓட்டலாம் என்றும் அதே கட்டுரை காட்டியது. இன்றைய ஷேடர்களுக்கு அது ஒரு முன்னோடி.

1997-இல் இதற்காக அவருக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. மைன்கிராஃப்டின் மலைகளுக்கும் இதுதான் அஸ்திவாரம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 2002-இல் வருகிறது. ஊரே பயன்படுத்திக்கொண்டிருந்த தன் ஃபார்முலாவை அவரே திருத்தினார். அந்த வளைகோட்டின் இரண்டாம் வகைக்கெழு கட்டங்களின் எல்லையில் திடீரென்று மாறியது. சும்மா பார்த்தால் தெரியாது. ஆனால் அதை வைத்துப் பரப்பை மேடு பள்ளமாக்கி வெளிச்சம் அடித்தால் கட்டக் கோடுகள் லேசாகத் துருத்தும். மூன்றாம் படி வளைகோட்டுக்குப் பதில் ஐந்தாம் படி போட்டார், கோடு மறைந்தது. மறுபடியும் அதே வரிசை: கண்ணுக்கு உறுத்தல், கணக்கில் பதில்.

நான் பிஇ படித்தபோது கிராபிக்ஸ் தாளில் கோடு வரைய ஒரு அல்காரிதம், வட்டம் வரைய ஒரு அல்காரிதம். விடை சரியா, தப்பா என்றுதான் மார்க். பார்க்க எப்படி இருக்கு என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. பெர்லின் ஆரம்பித்ததோ அந்தக் கேள்வியில்தான். கலை என்பது கடைசியில் பூசும் வண்ணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவர் விஷயத்தில், எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே அதுதான்.

வீட்டில் நோட்டின் ஓரத்தில் படம் வரையும் பிள்ளை இருந்தால், "போய்க் கணக்கைப் போடு" என்று விரட்டாதீர்கள். அதுவும் கணக்குக்குப் போகிற வழிதான்.