ஓய்வுக்குப் பின் ஒரு மாணவன்



பல்லாண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். ஓய்வுபெற்ற பின், காணையில் இருந்தபடியே, 2002-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டத்திற்குப் பதிவு செய்துகொண்டேன். “இந்த வயதில் எதற்கு ஐயா?” என்று ஊரார் வினவினர்.

கணக்குப்பதிவியலே என்னை முதலில் திகைக்க வைத்தது. லூக்கா பச்சோலி என்னும் இத்தாலியத் துறவி 1494-இல் வெனிசு நகரில் விளக்கி அச்சேற்றிய இரட்டைப் பதிவு முறைதான் அதன் அடிப்படை. கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றுக்கும் இரு பக்கங்கள் உண்டு. உழவர் ஒருவர் 540 ரூபாய்க்கு உரம் கடனாக வாங்கினால், கடைக்காரரின் பேரேட்டில் உழவர் கணக்கில் 540 பற்று. விற்பனைக் கணக்கில் 540 வரவு. முடிவில் பற்றும் வரவும் சமமாதல் வேண்டும்.

ஓரிரவு அவை சமமாகவில்லை. 90 ரூபாய் வேறுபட்டது. படிப்பையே விட்டுவிடலாமா என்று மனம் சோர்ந்தது. மறுநாள் காலை, கூச்சத்தை அடக்கிக்கொண்டு, வணிகவியல் பயின்ற என் பழைய மாணவனை நாடினேன்.

“வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது ஐயா. இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும், தேடுங்கள்” என்றான். தேடினேன். ஓரிடத்தில் 540-ஐ 450 என எழுதியிருந்தேன்!

பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு என்பது விதி. வாழ்நாளெல்லாம் தருபவனாகவே இருந்தவன், அன்று பெறுபவனானேன். பிழை எங்கோ இருக்கிறது, பொறுமையுடன் தேடினால் அகப்படும் என்னும் நம்பிக்கையையும் அன்றே பெற்றேன். நீங்களும் ஐயம் கேட்க நாணாதீர்கள்.